அனுப்புநர்: அம்மா

பக்கத்து வீட்டு அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. டிசம்பர் பிறந்தால் வாசலில் நின்று விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிடுவார். "இன்னும் மூணு சி.எல். கெடக்குது கண்ணு. முப்பத்தொண்ணுக்குள்ள எடுக்கலீன்னா வீணாப் போயிரும்." சி.எல். என்றால் தற்செயல் விடுப்பு; அவருக்கு வருஷத்துக்கு 12. வீணாய்ப் போகிற அளவுக்கு ஒருவரிடம் லீவு இருக்கிறதே என்று நான் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "ஏங்கண்ணு, நீயும் டீச்சர்தான? உனக்கு எத்தன?" என்று கேட்டு வைத்தார்.

எனக்கு ஏது? கோயம்புத்தூர் வடவள்ளியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் பள்ளிக்கூடம். ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் மாணவர்கள். தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, சத்துணவு அமைப்பாளர், ஆயா எல்லாம் நானே. மற்ற பள்ளிகள் மே மாதம் மூடும். எங்கள் பள்ளி ராத்திரி பத்து மணிக்குக்கூட மூடாது. விளக்கை அணைத்த பிறகுதான் "அம்மா, மீனுக்குத் தாகம் எடுக்குமா?" என்று எட்டாவது பீரியட் தொடங்கும்.

தனியாக இருக்க எனக்கென்று மிச்சமிருந்த ஒரே இடம் குளியலறை. அதற்கும் நானே உலை வைத்தேன். சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்து சேர 8 நிமிடம் 20 நொடி ஆகும் என்று ஒரு நாள் பாடம் நடத்தினேன். மறுநாள் குளியலறைக் கதவுக்கு வெளியே மகள், கையில் ஸ்டாப்வாட்ச். "அம்மா, நீ உள்ள போனப்ப சூரியன்ல இருந்து கெளம்புன வெளிச்சமே வந்து சேந்துருச்சு. நீ இன்னும் வரலை." தலையில் சீயக்காயோடு நான் என்ன பதில் சொல்ல?

கல்யாண வீடுகளில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "ஸ்கூலுக்கு அனுப்பலைன்னா பத்தாவது எப்படிங்க எழுதுவாங்க?" பதினாலு வயசானால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம், அஞ்சு வருஷத்துக்குள் ஒன்பது தடவை வாய்ப்பு உண்டு என்று சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில் ஒப்பித்துவிடுவேன். பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி அத்தனை பேருக்கும் கவலை. என் மத்தியானத் தூக்கத்தைப் பற்றி விசாரித்த முதல் ஆள் இந்த அக்காதான்.

கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. அந்த வாரம் மகளுக்குக் கடிதம் எழுதும் பாடம் வேறு. அவளைத் தலைமையாசிரியை ஆக்கி, விடுப்பு விண்ணப்பம் எழுதி நீட்டினேன். கண்ணாடி போடாத மூக்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். முதல் வார்த்தையிலேயே சிவப்பு மையால் சுழி.

"அனுப்புனர் இல்லை. அனுப்புநர். போன வாரம் நீதான சொன்னே?"

திருத்தி எழுதினேன். அடுத்து காரணம். பழக்க தோஷத்தில் "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்" என்று எழுதியிருந்தேன். நாம் எல்லோரும் பள்ளியில் எழுதிய ஒரே காரணம் அதுதானே. அவள் எழுந்து போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்தாள். 98.4. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பொய் எழுதியதற்காக ஐந்து முறை இம்போசிஷன் என்று தம்பி பரிந்துரைத்தான். அவனுக்கு அந்த வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை உள்ளதை உள்ளபடி எழுதினேன். "சும்மா உட்கார வேண்டியிருப்பதால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." நெடுநேரம் யோசித்துவிட்டு, அக்காவுக்குப் போலவே எனக்கும் வருஷத்துக்கு 12 சி.எல். என்று வைத்து, இதை அரை நாள் என்று திருத்திக் கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. பொறுப்பு ஆசிரியர், அப்பா.

சனிக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியையும் காபி பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தால் எதிரே மருதமலை. ஆஹா என்று சாய்ந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, தொட்டியில் 1000 லிட்டர் என்று போட்டிருப்பது கண்ணில் பட்டது. விட்டத்தையும் உயரத்தையும் அளந்தால் பிள்ளைகளே இதைச் சரிபார்த்துவிடலாமே, திங்கட்கிழமைக்கு ஆச்சு என்று மனசு பாடக்குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டது. என்னை நானே அதட்டி உட்கார வைக்க வேண்டியிருந்தது.

ஒன்பதாவது நிமிடம் கீழேயிருந்து போன்.

"இவனுக்கு முன்பல்லு ஆடுது. புடுங்கிரட்டுமா?"

"தொடாதீங்க!"

போனிலேயே பஞ்சாயத்து பண்ணிவிட்டு, பிளாஸ்கைத் திறந்து மறுபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். மகன் வந்து தரையில் சம்மணமிட்டான். "நான் பேசவே மாட்டேன்மா. சும்மா உட்கார வந்தேன். சும்மா உட்காந்தா என்ன பண்ணணும்?" அதை விளக்கப் போய் அரை மணி நேரம் ஓடியது. அவனை இறக்கிவிட்டு வந்தால் திரும்பவும் போன், பல் தானாகவே விழுந்துவிட்டது, ஆனால் காணோம். மூன்று பேரும் டார்ச்சோடு சோபாவுக்கு அடியில் தேடிக் கண்டுபிடித்தோம். பிறகு மாடிக்குப் போய்க் கடைசியாகக் கொஞ்சம் உட்கார்ந்தேன். மழை தூறியது. இறங்கிவிட்டேன்.

லீவு போய்விட்டது, பாதியாவது திருப்பிக் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் முறையிட்டேன். நிர்வாகம் அசரவில்லை. ஸ்டாப்வாட்ச் முழு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் உண்மையாகவே சும்மா உட்கார்ந்தது 9 நிமிடம், 6 நிமிடம், ஏழரை நிமிடம். ஆக இருபத்திரண்டரை. அரை நாளுக்கு மூன்று மணி என்றால் முழு நாளுக்கு 360 நிமிடம். அதில் இது எத்தனை பங்கு என்று அவள் ஈரோட்டில் இருக்கும் அப்பிச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, போன் போட்டாள். மஞ்சள் மண்டியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதிய மனுஷன். பேப்பர் எடுக்காமலே சொன்னார்.

"பதினாறுல ஒண்ணு சாமி. ஒரு வீசம்."

இப்போது சமையலறை மாதக் காலண்டரில், பால் கணக்குக்குக் கீழே, சிவப்பு மையில் எழுதியிருக்கிறது:

அம்மா சி.எல். மீதி: பதினொன்றே முக்காலே மூணு வீசம்.