அத்தையின் அப்பள டப்பாவும் கியூபா சுருட்டும்

என் வீட்டுக்காரர் சுருட்டு பிடிப்பவர் இல்லை, சுருட்டு வைத்திருப்பவர். ஹவானாவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் 25 சுருட்டுள்ள மரப்பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போன பிறகுதான் இப்படி ஒரு ஜாதி இருப்பதே எனக்குத் தெரியும். பிடிக்கிறவருக்குத் தீப்பெட்டி போதும். வைத்திருப்பவருக்கு ஈரப்பதம் காட்டும் மீட்டர், டிஸ்டில்டு வாட்டர், ராத்திரி முழுக்க யூடியூப், அப்புறம் வாயை மூடிக்கொண்டு பார்க்கிற மனைவி எல்லாம் வேண்டும்.

"பெட்டிக்குள்ள காத்து 65-லேர்ந்து 70 சதவீத ஈரப்பதத்துல நிக்கணும்" என்று முதல் நாளே பாடம் எடுத்தார். 60-க்குக் கீழே இறங்கினால் மேலே சுற்றியிருக்கிற இலை காய்ந்து வெடிக்கும், புகை சூடாகத் தொண்டையைக் கமறும். 75-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கிற இலை ஊதி மேல் இலையைக் கிழிக்கும். பற்றவைத்தாலும் நின்று எரியாது, அணைந்து அணைந்து போகும்.

அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திருச்சிக்காரர். "எங்கப்பா உறையூர்ச் சுருட்டை வேட்டி மடிப்புல சொருகிட்டுப் போவாருடா. எந்த மீட்டரும் பாத்ததில்ல." உறையூர்ச் சுருட்டு சர்ச்சில் வரைக்கும் போனதாகச் சொல்வார்கள். அதை நான் எடுத்துவிட்டதும், "அவர் ஊர்ல வெயில் இல்லம்மா" என்று என் பக்கம் திரும்பிவிட்டார் இவர்.

கஷ்டம் என்னவென்றால், இவர் பார்க்கிற வீடியோ எல்லாம் பனி பெய்கிற ஊர்க்காரர்கள் போட்டது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று காய்ந்துவிடும். அதனால் பெட்டிக்குள் ஈரம் ஏற்றத்தான் அத்தனை பேரும் சொல்லித்தருகிறார்கள். மரத்தை டிஸ்டில்டு வாட்டரால் துடை, ஸ்பாஞ்சை நனைத்து வை, இப்படி. நாங்கள் இருப்பதோ வேளச்சேரியில். அதுவும் நவம்பர் மாதம். கொடியில் போட்ட துண்டு மூன்றாம் நாளும் ஈரமாகத்தான் இருக்கும். இதில் இவர் பேட்டரிக் கடைக்குப் போய் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வந்தார். "இன்வெர்ட்டர் எத்தனை கேவிஏ சார்?" என்று கடைக்காரர் கேட்டாராம். இவர் "சுருட்டுக்கு" என்றாராம். அதற்கு அப்புறம் கடைக்காரர் எதுவும் கேட்கவில்லையாம்.

துடைத்து, காயவைத்து, மீட்டரை உள்ளே வைத்து மூடினால் 81. ராத்திரி படுக்கையறையில் ஏசி போட்டு அங்கே கொண்டுபோய்த் திறந்து வைத்தால் 56. பகலில் ஏசியை அணைத்தால் மறுபடி 80. மீட்டரே பொய் சொல்கிறதோ என்று இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவருக்குள் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். ஈர உப்பைச் சுற்றிய காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது இயற்கை. மீட்டர் 69 காட்டினால் அது ஆறு குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கவரைச் சுருட்டுப் பெட்டி மேலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் கவர் காலி.

"அம்மா, இங்க இருந்த உப்பு எங்க?"

"கரைச்சு ஊத்திட்டேன்டா. சுத்திப் போடணும்னு உனக்காவது தோணிச்சே! ஆனா வெறும் உப்பு பத்தாது, நாலு மிளகாயும் சேத்து மூணு சுத்து சுத்தினேன். அந்தப் பெட்டிக்கும் சேத்துத்தான்."

மிளகாய் நெடி கூட வரவில்லையாம். அவ்வளவு கண்ணு பட்டிருக்கிறது என்றார் அத்தை.

ஆனால் அடுத்த வாரம் ஜெயித்தது அத்தைதான். ஒரு சுருட்டில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை, பெட்டி அடியில் பழுப்புத் தூள். இவர் முகம் வெளுத்து, "டொபாக்கோ பீட்டில்" என்றார். அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூளில் ஊர்ந்த ஒன்றை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். "இது நம்ம மல்லித்தூள் வண்டுடா."

இவர் நெட்டில் தேடிப் பார்த்தார். அதே வண்டு! புகையிலையையும் தின்னும், மஞ்சள், மிளகாய், தனியாவையும் விடாது. 24, 25 டிகிரிக்கு மேல் போனால் முட்டை பொரிந்து பெருகுமாம். சென்னையில் அதற்கு வருஷம் முழுக்கப் பிரசவ காலம். வைத்தியம்: காற்றுப் புகாத கவரில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசர், அப்புறம் ஒரு நாள் கீழ்த்தட்டு, அதன்பிறகே வெளியே. சட்டென்று எடுத்தால் இலை வெடித்துவிடும்.

"ரவையை நான் ஏன் ஃப்ரீசர்ல வைக்கிறேன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?" என்றார் அத்தை. கியூபா சுருட்டு மூன்று நாள் தேங்காய்த் துருவலுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் நடுவே படுத்திருந்தது. கீழ்த்தட்டுக்கு இறங்கிய அன்று அங்கே என் மல்லிகைப்பூ இருந்தது. கவர் மேல் கவர் போட்டும் இவருக்கு நம்பிக்கை வரவில்லை, பூவை வெளியே வைக்கச் சொன்னார். வைத்தேன். வாடியது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியில் மரப்பெட்டியையே விட்டுவிட்டோம். ரப்பர் வளையம் வைத்த, இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். உள்ளே 65 என்று எண் போட்ட சின்னப் பாக்கெட் ஒன்று. ஈரம் அதிகமானால் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் விடும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று தாராளம். அமெரிக்காவில் நிறையப் பேர் இப்படித்தான் வைக்கிறார்களாம். வீட்டில் அந்த மாதிரி டப்பா ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அத்தையின் அப்பள டப்பா. மழைக்காலத்திலும் அப்பளம் நமுக்காத டப்பா! அதை வாங்க இவர் என்னென்ன வாக்குக் கொடுத்தாரோ தெரியாது. கழுவி, வாசனை போக வெயிலில் வைத்து, மூடினார். மீட்டர் 66-ல் நின்றது. நின்றதுதான், அசையவே இல்லை.

போன மாதம் கொழுந்தனார் புது பைக் எடுத்தார். பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரருக்குப் பூஜை போட அத்தையும் கூடப் போனார். முனீஸ்வரருக்குச் சுருட்டு படைப்பது வழக்கம். சாயங்காலம் இவர் டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டு வெளியே வந்தார்.

"அம்மா... ஒண்ணு குறையுதே?"

"சாமிக்குடா. கடையில சில்லறை இல்லன்னான்."

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மெதுவாக, "எப்படி எரிஞ்சுது?" என்றார்.

"ஒரு தடவகூட அணையலடா."

"ஒரு பக்கமா கோணிக்கிட்டு எரியலயே?"

"நேரா எரிஞ்சுது. பூசாரி எந்தக் கடைன்னு கேட்டாரு."

இவர் உள்ளே போய் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.