மூன்று வீல் டயல் பூட்டு: கிராஃப் போட்டுத் திறந்து பழகிய குறிப்புகள்

எடுத்துக்கொண்ட பூட்டு சார்ஜென்ட் அண்ட் கிரீன்லீஃப் 6730. அமெரிக்கப் பெட்டகங்களில் பரவலாக இருக்கும் குரூப் 2 பாதுகாப்புத் தர வகை. மூன்று வீல், டயலில் 100 கோடு, கணக்குப்படி 10 லட்சம் எண் சேர்க்கை. நம் ஊர் பீரோக்களில் இருக்கும் சாவிப் பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்டகம் வாங்கத் தேவையில்லை. பூட்டு, டயல், டயல் வளையம், ஸ்பிண்டில் (டயலையும் பூட்டையும் இணைக்கும் தண்டு), எண் மாற்றும் சாவி கொண்ட ஒரு செட் போதும். முக்கால் அங்குல பிளைவுட்டில் செங்குத்தாகப் பொருத்தி, மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். பலகை ஆடினால் ரீடிங்கும் ஆடும். சொந்தப் பூட்டில் மட்டுமே பழக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சினிமாவில் காதில் ஸ்டெதஸ்கோப் வைத்து 'கிளிக்' கேட்பார்கள். இந்தப் பூட்டில் கேட்க ஒன்றுமில்லை. அளக்கத்தான் இருக்கிறது.

முதல் கட்டம், பின்மூடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது. டயலோடு சேர்ந்து சுற்றுவது டிரைவ் கேம். அதன் விளிம்பில் ஒரு பள்ளம். லீவரின் மூக்கு ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் விளிம்பின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பள்ளம் வரும்போது மட்டும் உள்ளே இறங்கும். லீவரில் இருக்கும் ஃபென்ஸ் என்னும் குறுக்குத் தண்டு அப்போது வீல்களின் விளிம்பில் போய் உட்காரும். மூன்று வீலின் கேட்டும் (விளிம்பில் வெட்டிய இடைவெளி) ஃபென்ஸுக்கு நேரே வந்தால் முழுதாக இறங்கி போல்ட்டை இழுக்கும். வராவிட்டால் எந்த வீல் மற்றவற்றைவிட ஒரு நூலளவு உயரமோ அதன் மேல் தங்கிவிடும்.

தொழில் முழுவதும் இந்த நூலளவில்தான் இருக்கிறது. உயரமான வீலின் கேட் ஃபென்ஸுக்கு அடியில் வந்தால் ஃபென்ஸ் அடுத்த உயரமான வீல் மேல் இறங்கும். மூக்கும் சற்று ஆழமாக இறங்கும். பள்ளத்தின் இரு சுவரும் சரிவானவை. ஆழம் கூடினால் மூக்கு தொடும் இரு இடங்களும் நெருங்கி வரும். வெளியிலிருந்து டயலில் தெரிவது அந்த இரு தொடுபுள்ளிகள்தான்.

ரீடிங் எடுக்கும் முறை இது. இடப்பக்கம் நான்கு சுற்றுக்கு மேல் சுற்றினால் மூன்று வீலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். 20-இல் நிறுத்து. பிறகு வலப்பக்கம் மெதுவாகத் தொடுபகுதிக்குள் (மூக்கு பள்ளத்தில் இறங்கும் இடம்) கொண்டு வா. இடப்புள்ளியைத் தொட்டு எண்ணைக் குறி, இடப்பக்கம் திருப்பி வலப்புள்ளியைத் தொட்டுக் குறி. அப்படியே இடப்பக்கம் தொடர்ந்தால் 20-இல் வீல்களை மறுபடி பிடிக்கும், 22½-க்குத் தள்ளு, மறுபடி ரீடிங். ஒவ்வொரு முறையும் நான்கு சுற்று சுற்றத் தேவையில்லை. 2½ கோடு இடைவெளியில் முழு டயலுக்கு 40 புள்ளிகள். வீல்கள் நின்ற எண்ணுக்கு எதிரே இந்த ரீடிங்குகளைக் குறிப்பதுதான் கிராஃப். ரீடிங்கை கோட்டில் எட்டில் ஒரு பங்கு வரை எழுத வேண்டும். கால் கோட்டோடு நிறுத்திக்கொள்பவர்களின் கிராஃபில் பாதி கேட் காணாமல் போகும்.

தொடுபகுதிக்குள்ளேயே வீல்களை நிறுத்தினால் ரீடிங் எடுக்க முடியாது. டயலைத் திருப்பும்போது வீலே நகர்ந்துவிடும். 0 முதல் 15 வரை கிராஃபை வெற்றாக விடலாம். மூன்றாவது எண்ணை 0-க்கும் 20-க்கும் இடையில் வைக்கக் கூடாது என்ற விதியும் இந்தப் பகுதியை ஒட்டியதுதான். ஆனால் முதல் இரண்டு எண்கள் அங்கே இருக்கலாம். கிராஃபில் ஒன்றுமே அகப்படாதபோது சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

உதாரணத்துக்கு ஒரு பக்கம்: 32½-இல் இடப்புள்ளி 3⅛, வலப்புள்ளி 12¾. 35-இலும் அதே. 37½-இல் இடப்புள்ளி 3⅜, வலப்புள்ளி 12½. 40-இல் பழையபடி. அகலம் 9⅝-இலிருந்து 9⅛-க்குச் சுருங்கித் திரும்பியிருக்கிறது. பார்க்க வேண்டிய இடம் இது. 35 முதல் 40 வரை ஒவ்வொரு கோடாக மறுபடி ரீடிங் எடுத்தால் கிராஃபில் விழும் பள்ளத்தின் நடு தெரியும். முப்பது நாற்பது கோடு நீளத்துக்கு மெதுவாக ஏறி இறங்கும் அலை கேட் அல்ல. வீல் முழு வட்டமாக இல்லாததால் வருவது. கேட் என்றால் பள்ளம் குறுகலாக, சட்டென்று விழும்.

ரீடிங் ஏமாற்றும் காரணங்கள் பெரும்பாலும் பூட்டுக்கு வெளியே இருக்கின்றன. தலையைச் சற்றுச் சாய்த்தாலே எட்டில் ஒரு பங்கு மாறும். ஒரு கண்ணை மூடி, ஒரே உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். டயல் வளையத்தில் ஒட்டிய மெல்லிய கம்பி முள்ளும், டயலைச் சுற்றி ஒட்டிய பெரிய அச்சிட்ட அளவுகோலும் இந்தத் தொல்லையைப் பெருமளவு போக்கும். ஸ்பிண்டிலில் முன்பின் ஆட்டம் இருந்தால் டயலை அழுத்திப் பிடிக்கும்போது ஒரு எண், இழுக்கும்போது வேறு எண். மூக்கு சுவரைத் தொட்ட உடனே விரல் நிற்க வேண்டும். அழுத்தினால் மூக்கு சரிவில் ஏறிவிடும், எண் பொய்யாகும். இரண்டு விரல் நுனி போதும், முழுக்கை கூடாது. இரண்டு புள்ளியும் எல்லாப் பூட்டிலும் சமமாக அசைவதில்லை. சிலவற்றில் ஒரு பக்கம்தான் பேசும். எந்தப் பக்கம் என்பதை மூடி திறந்திருக்கும் கட்டத்திலேயே பார்த்து எழுதி வைத்தால் பின்னால் குழப்பமில்லை.

அடுத்தது, 37½ எந்த வீலுடையது என்ற கேள்வி. இடப்பக்கம் சுற்றி மூன்றையும் 37½-இல் நிறுத்து. வலப்பக்கம் திருப்பி, 27 இரண்டாம் முறை வரும்போது நிறுத்து. மூன்றாம் வீல் (கேமுக்கு அடுத்தது) மட்டும் 27-க்கு நகர்ந்திருக்கும். இடப்பக்கம் போய் ரீடிங் எடு. சுருக்கம் மறைந்துவிட்டால் கேட் மூன்றாம் வீலுடையது. அப்படியே இருந்தால், மறுபடி தொடங்கி, 27 மூன்றாம் முறை வரும்வரை சுற்று. இப்போது முதல் வீல் மட்டும் 37½-இல். சுருக்கம் தங்கினால் முதல் வீல், மறைந்தால் இரண்டாவது. ஒரே ஒரு நகர்வை நம்பக் கூடாது. 27-க்குப் பதில் 60, 80 என்று வேறு இடங்களிலும் பார்த்து, ஒரே பதில் வந்தால்தான் எழுதலாம்.

முதல் வீல் முதலில் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை இடப்பக்கமாக நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் வலப்பக்கமாகச் சேர்த்து 2½, 2½-ஆக இறக்கிக்கொண்டே போகலாம். மூன்றாம் வீல் முதலில் கிடைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் முழுக்கச் சுற்றியாக வேண்டும். பொறுமை இங்கேதான் தீரும், எண்ணிக்கையில் தவறு வருவதும் இங்கேதான். சுற்றை வாய்விட்டு எண்ணுவது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல.

இன்னொரு பொறி: இடச்சுற்றில் கிடைத்த எண்ணும் வலச்சுற்றில் அதே கேட்டுக்கு வரும் எண்ணும் சற்று விலகலாம். வீலை வீல் தள்ளும் ஃபிளையின் தடிமன்தான் காரணம். ஃபிளை அசையும் அமைப்பு இதை ஈடுகட்டும், ஆனால் தேய்ந்த பூட்டில் முழுதாக ஈடாவதில்லை. திறக்கும்போது இரண்டாவது எண் வலப்பக்கமாகப் போவதால், இடச்சுற்று கிராஃபை அப்படியே நம்பி அடித்தால் ஒன்றிரண்டு கோட்டில் தவறும்.

இரண்டு வீல் தெரிந்துவிட்டால் மூன்றாவதற்கு கிராஃப் வேண்டாம். 2½ கோடு இடைவெளியில் அதிகபட்சம் 40 முயற்சி. கேட் ஃபென்ஸைவிட அகலமாக இருப்பதால் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமாஸில் இயற்பியலாளர் ஃபைன்மேன் சக விஞ்ஞானிகளின் அலமாரிகளைத் திறந்ததும் இந்தத் தளர்வை வைத்துத்தான்: ஐந்து ஐந்தாகத் தாவினால் போதும் என்று கண்டுகொண்டார், திறந்திருந்த வேளையில் கடைசி இரண்டு எண்ணை முன்பே எடுத்து வைத்திருந்தார். மீதி 20 முயற்சி. கிராஃப் போடும் வேலை அவருக்குத் தேவைப்படவில்லை.

பழகும் வரிசையில் ஒன்றைத் தாண்டக் கூடாது. முதலில் தெரிந்த எண்ணை வைத்து, மூடியை மாட்டி, கிராஃப் அந்த எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் வேறொருவரை எண் மாற்றச் சொல்வது. மாற்றும்போது மாற்றுக்கோட்டைப் (டயல் வளையத்தில் எண் மாற்றுவதற்கென்றே உள்ள தனிக் கோடு) பயன்படுத்தி பழைய எண் வைத்து, பின்பக்கம் சாவியைக் கால் சுற்றுத் திருப்பி, புது எண்ணையும் அதே கோட்டில் வைத்து, சாவியைத் திருப்பி எடுக்க வேண்டும். திறக்கும் கோட்டில் வைத்துவிட்டால் பூட்டு புது எண்ணுக்குப் பணியாது. எண் மாற்றியதும் மூன்று முறை திறந்து மூடிப் பார்ப்பது கட்டாயம். பெட்டகக் கதவில் பொருத்திய பூட்டென்றால் கதவு திறந்தே இருக்கட்டும்.

6730 கைவந்த பிறகு குரூப் 2எம் பக்கம் போகலாம். அமெரிக்கச் சோதனை நிறுவனமான யுஎல்-இன் 768 தரப்படி, இப்படிக் கைத்திறனால் திறக்கும் முயற்சிக்கு அது 2 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். குரூப் 1 என்றால் 20 மணி நேரம். சார்ஜென்ட் அண்ட் கிரீன்லீஃப் 8400 வரிசையில் டயல் நடுவில் இருக்கும் சிறு குமிழைத் திருப்பினால்தான் லீவரே இறங்கும். அங்கே தொடுபுள்ளி கிடைக்காது. இந்தக் கிராஃப் வித்தை அதில் செல்லாது.