இரண்டு வாரம் தவறான அலைவரிசையில் காத்திருந்தேன்

பின்கதவு திறந்தால் என் கைபேசிக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அப்பா, விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்து, எங்களை எழுப்ப மனமில்லாமல், பின்கதவு வழியாக நடக்கப் போய்விடுவார். டாலஸில் ஜனவரிக் குளிர். எல்லாத் தெருவும் ஒன்றுபோலவே இருக்கும். அவர் கைபேசி தலையணைக்கு அடியில் கிடக்கும்.

வீட்டை விற்றுப் போனவர் கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும், திறப்பதை வானலையில் பேனலுக்குச் சொல்லும் ஹனிவெல் 5800 வரிசைத் திருட்டு எச்சரிக்கை சென்சார்களை விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பேனலை, அதாவது சுவரில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை, இயக்கும் குறியீட்டைக் கேட்டு, அதைப் பொருத்திய கண்காணிப்பு நிறுவனத்தை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள், பிறகு பேசலாம் என்பதே மூன்று முறையும் பதில். என் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று அறிய மாதாமாதம் கப்பம் கட்ட எனக்குச் சம்மதமில்லை.

சென்சார்கள் வானலையில் அனுப்புவதை நானே கேட்டுக்கொள்ள முடிவு செய்தேன். வானொலி அலைகளை வாங்கும் யுஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கி, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் செருகி, அந்த அலைகளில் வரும் செய்திகளைப் படித்துக் காட்டும் ஆர்டிஎல்_433 மென்பொருளை நிறுவியது ஒரு மாலை வேலை. டாங்கிளைத் திறக்க முடியவில்லை என்று பிழை வந்தால், அந்தக் கணினியின் இயங்குதளமான லினக்ஸ் அதைத் தொலைக்காட்சி ட்யூனராக எண்ணிப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அப்படிப் பிடிக்கும் தொலைக்காட்சி டிரைவரை லினக்ஸின் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஓடவிட்டதும் திரை நிறையத் தகவல். அக்கம்பக்கத்து வானிலைக் கருவிகளின் வெப்பநிலை வந்தது, தெருவில் போகும் கார்களின் டயர் அழுத்தம்கூட வந்தது. என் கதவு மட்டும் வரவில்லை. சென்சார்களின் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று எல்லாவற்றுக்கும் புதிய சிஆர்123ஏ வாங்கிப் போட்டேன். அது சில்லறைச் செலவல்ல. ஆண்டெனாவை ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றி வைத்தேன். இரண்டு வாரம் போயிற்று. அதற்கிடையில் அப்பா இரண்டு முறை வெளியே போய்த் திரும்பி வந்திருந்தார்.

விடை சென்சாரிலேயே அச்சிட்டிருந்தது: அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அடையாள எண். அந்த எண்ணை எஃப்சிசி தளத்தில் இட்டால் கருவி எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று தெரிந்துவிடும். இவை பேசுவது 345 மெகாஹெர்ட்ஸில். மென்பொருளோ, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 433.92இல்தான் காது கொடுக்கும். அமெரிக்க வீடுகளில் 319.5இல் பேசும் சென்சார்களும் உண்டு. தயவுசெய்து பேட்டரி வாங்குவதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

345க்கு மாற்றி, பின்கதவைத் திறந்தேன். திரையில் ஒரு வரி வந்தது: திறந்திருக்கிறது. மூடினேன்: மூடியிருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து முறையாவது திறந்து மூடியிருப்போம். ஆண்டெனாவையும் கால் அலைநீளத்துக்கு, ஏறத்தாழ 21.7 சென்டிமீட்டருக்கு, நீட்டினேன். மாடி ஜன்னல்களும் வந்து சேர்ந்தன.

இனி சில எச்சரிக்கைகள். ஒரே செய்தியை சென்சார் பலமுறை அனுப்பும், ஒன்று தவறினாலும் மற்றொன்று சேரட்டும் என்று. கைபேசிக்கு அறிவிப்பு அனுப்பும்போது அதை வடிகட்டாததால் முதல் இரவு என் கைபேசி ஓயவில்லை. நடமாட்ட சென்சார் ஒருமுறை அனுப்பியபின், பேட்டரியை மிச்சப்படுத்த மூன்று நிமிடம் மௌனமாக இருக்கும். கெட்டுவிட்டது என்று கழற்றிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவுகளும் உங்கள் திரையில் தெரியலாம். உங்கள் அடையாள எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பதிவாகாமல் நீக்குங்கள். அவர்கள் எப்போது வீட்டில் இல்லை என்பது நமக்குத் தெரியவே கூடாது. இந்தப் பழைய சென்சார்கள் மறையாக்கம் இல்லாமல் அனுப்புவதால்தான் நம்மால் படிக்க முடிகிறது. வேறு எவராலும் முடியும். ஆகவே திருடனுக்கு எதிராக இதை மட்டும் நம்பாதீர்கள்.

வியாழக்கிழமை காலை 4:52க்குக் கைபேசி ஒலித்தது. நான் இறங்கிப் போனபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தார். "நீ ஏன்டா எழுந்தாய்?" என்றார். குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு நானும் கூடவே நடந்தேன்.