இரும்பு நுழையாத அறை

பல நாட்டு அறிவியல் அகாடமிகள் சேர்ந்து பருவநிலை பற்றியோ தொற்றுநோய் பற்றியோ கூட்டறிக்கை வெளியிட்டால், நம் பேப்பரில் அது உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக வரும். பாளையங்கோட்டையில் காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர்கள் அதைப் படித்துவிட்டு, "இப்படிக் கூடிப் பேசி என்னத்த ஆகப்போகுது?" என்று கேட்பார்கள். அறிக்கையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். நான் வேலை பார்த்த காலமெல்லாம் அப்படிப்பட்ட ஒரு கூட்டு முயற்சியின் கடைக்கோடியில் இருந்தேன். அங்கே என்ன நடக்கிறது என்று எழுதினால் அவர்கள் கேள்விக்குப் பாதி பதிலாவது கிடைக்கும்.

நான் இருந்தது கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். திருச்செந்தூர் ரோட்டில் வருகிறவர்களுக்குக் கிருஷ்ணாபுரம் என்றால் வேங்கடாசலபதி கோவிலும் அதன் சிற்பங்களும்தான். பக்கத்தில் இப்படி ஓர் ஆய்வுக்கூடம் இருப்பது திருநெல்வேலிக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. அது இங்கே அமைந்ததற்குக் காரணம் உண்டு. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடையாகப் படுத்திருக்கிற இடங்களை எல்லாம் இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். அதுதான் காந்த நடுக்கோடு. பூகோளப் பாடத்தில் வருகிற பூமத்திய ரேகை இலங்கைக்கும் தெற்கே கடலில் போகிறது. காந்த நடுக்கோடோ நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதற்கும் இதுதான் காரணம்.

இந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. அதை எலக்ட்ரோஜெட் என்போம். 1951-ல் சிட்னி சாப்மன் வைத்த பெயர் அது. காலையில் ஏறத் தொடங்கும், உச்சிப்பொழுதை ஒட்டி உச்சத்துக்குப் போகும், பொழுது சாயும்போது அடங்கிவிடும். நம் ஊரில் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. அதில் இந்த ஓட்டம் உண்டாக்கும் ஏற்றம் ஐம்பது, நூறு நானோடெஸ்லா அளவில்தான் இருக்கும். அந்த நூறைப் பிடிக்கத்தான் எங்கள் பாடெல்லாம்.

இந்த ஓட்டம் சூரியன் பின்னாலேயே நகர்வது. கிருஷ்ணாபுரத்தில் உச்சம் தாண்டி இரண்டரை மணி நேரம் கழித்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் உச்சம் வரும். பெரு நாட்டில் மலைமேல் இருக்கிற ஹுவான்காயோவில் வருவதற்கு இன்னும் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் இங்கே ராத்திரி ஆகிவிடும். ஹுவான்காயோவில் 1922-லிருந்து அளக்கிறார்கள். அங்கே பகலில் ஊசி அளவுக்கு மீறி எகிறுவதைப் பார்த்துத்தான் இப்படி ஒன்று இருப்பதே தெரியவந்தது. நாங்கள் எவ்வளவு நன்றாக அளந்தாலும் எங்களிடம் இருப்பது ஒரு துண்டுதான். மற்றத் துண்டுகள் அவர்களிடம் இருக்கின்றன.

இனி அந்த அறைக்கு வருகிறேன். வளாகத்தில் தள்ளி ஒதுக்குப்புறமாக இருக்கும். ஆணி, கீல், தாழ்ப்பாள் எதிலும் இரும்பு கிடையாது. பித்தளையும் செம்பும் மரமும்தான். உள்ளே போகும் முன் சாவிக்கொத்து, செல்போன், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். சட்டையில் ஒரு ஊக்கு இருந்தால்கூட அளவு கெட்டுப்போகும். நடுவில் கல்தூண், அதன்மேல் இரும்பே கலக்காத தியோடலைட், அதாவது கோணம் அளக்கிற கருவி. அதன் தொலைநோக்கியின் முதுகில் ஒரு காந்த உணரி பொருத்தியிருக்கும். உணரி காந்தப்புலத்துக்கு நேர் செங்குத்தாக நிற்கும்போது மீட்டரில் பூஜ்யம் காட்டும். அந்தக் கோணத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்து எழுத வேண்டும். அப்புறம் தொலைநோக்கியைப் புரட்டிப் போட்டு மறுபடி, கிழக்கே திருப்பி மறுபடி, மேற்கே திருப்பி மறுபடி. இப்படி நான்கு நிலைகளில் ஒதுக்கக் கோணம் (காந்த வடக்கு உண்மையான வடக்கிலிருந்து விலகியிருக்கும் அளவு), இன்னொரு நான்கு நிலைகளில் சரிவுக் கோணம் (காந்தப்புலம் தரையிலிருந்து சாய்ந்திருக்கும் அளவு). கருவியில் இருக்கிற சிறு கோணல்கள் நான்கு நிலைகளின் சராசரியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இன்னொரு கருவி இரவும் பகலும் தானாகவே மாற்றங்களைப் பதிந்துகொண்டிருக்கும். ஆனால் வெயில் ஏற ஏற அதன் அளவு மெல்ல நழுவும். அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது கையால் எடுக்கிற இந்த அளவுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்க வருகிற பெரியவர் ஒருவர் நெடுநாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டார்: "அண்ணாச்சி, சாவியக்கூட வெளிய வச்சிட்டுப் போறிய. உள்ள அப்படி என்ன சாமி இருக்கு?" திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னேன். பெருவில் ஒருத்தர், எத்தியோப்பியாவில் ஒருத்தர், இதே மாதிரி சாவியை வெளியே வைத்துவிட்டு அளந்துகொண்டிருக்கிறார் என்றும் சொன்னேன். அவருக்கு அதுதான் பிடித்தது. அப்புறம் பக்கத்து வயலுக்கு டிராக்டரோ போர் போடுகிற லாரியோ வருவதாக இருந்தால் முந்தின நாளே வந்து சொல்லிவிடுவார்: "நாளைக்கு வண்டி வருது அண்ணாச்சி, உங்க வேலைய வெள்ளனமே முடிச்சுக்கிடுங்க."

சரி, பெருவும் எத்தியோப்பியாவும் நாமும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? இங்கேதான் அகாடமிகள் வருகின்றன. 1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரை சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு நடந்தது. அறிவியல் சங்கங்களின் சர்வதேசக் கவுன்சில் அதை ஒருங்கிணைத்தது. 67 நாடுகள் சேர்ந்தன. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று அழிக்க அணுகுண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்திலும் இரண்டு நாட்டு அகாடமிகளும் ஒரே அட்டவணைப்படி அளக்க ஒத்துக்கொண்டன. திருவனந்தபுரத்திலும் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரிலும் காந்த நிலையங்கள் அந்த ஆண்டுக்காகத்தான் தொடங்கின. அடிஸ் அபாபா நிலையமும் அதையொட்டி வந்ததுதான். இந்தியாவின் பங்கை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் கே. எஸ். கிருஷ்ணன். ராமனோடு 1928-ல் வேலை செய்தவர், தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். அவர் பிறந்த வத்திராயிருப்பு அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

அந்த ஆண்டு பிறப்பித்தவற்றில் ஸ்புட்னிக்கை எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது உலகத் தரவு மையங்கள். ஒன்று அமெரிக்காவில், ஒன்று சோவியத் யூனியனில், மற்றவை மேற்கு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இன்னும் சில நாடுகளிலும். யார் அளந்தாலும் எண்களை இவற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும், யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும். ஒரு மையம் அழிந்தாலும் இன்னொன்றில் பிரதி இருக்கும். எதிரி நாட்டுக்கும் சேர்த்துத்தான் அளக்கிறோம் என்று தெரிந்தே நாடுகள் இதற்குச் சம்மதித்தன. ஹவாயின் மவுனா லோவாவில் சார்லஸ் கீலிங் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டின் ஏற்பாட்டில்தான். 1958-ல் பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பருவநிலை பற்றி அகாடமிகள் எந்த அறிக்கை விட்டாலும் அதற்கு அடியில் இந்த எண்கள் கிடக்கின்றன.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். தைவானைச் சேர்த்ததால் மக்கள் சீனம் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பின் அளவுகள் பொதுக் கணக்கில் சேராமல் போயின. இப்போதும் எங்காவது ஒரு நாடு கோபத்தில் தரவை நிறுத்தி வைக்கிறது என்று கேள்விப்பட்டால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கூட்டறிக்கைகளையும் நான் லேசாக நினைக்கவில்லை. 1993 அக்டோபரில் டெல்லியில் மக்கள்தொகை பற்றி அகாடமிகள் கூடின. இன்றைக்கு உலகின் பல அகாடமிகளை இணைக்கிற கூட்டமைப்பு பிறந்தது அப்போதுதான். ஆப்பிரிக்க அறிவியல் அகாடமி அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. தங்கள் கண்டத்துக்கு மக்கள் ஒரு வளம் என்றது. கையெழுத்துப் போடாமல் இருக்கவும் இடம் இருந்தது என்பதே எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் மரியாதையைக் கூட்டுகிறது. 2005-ல் பருவநிலை பற்றிப் பதினொரு அகாடமிகள் சேர்ந்து எழுதியதில் இந்திய தேசிய அறிவியல் அகாடமியும் உண்டு. 2010-ல் நடந்தது இன்னும் முக்கியம். பருவநிலை மாற்றத்தை மதிப்பிடுகிற ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் உருகிப்போகலாம் என்று ஒரு தவறான வரி நுழைந்திருந்தது. உலகமே அந்த அமைப்பைச் சந்தேகித்த நேரத்தில், அதன் நடைமுறையைச் சோதித்துச் சொல்லும்படி ஐ.நா. கேட்டுக்கொண்டது அகாடமிகளின் கவுன்சிலைத்தான். எந்த அரசுக்கும் கட்டுப்படாத ஒருவர் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டுமென்றால் வேறு யாரிடம் போவது?

2014-ல் ஹைதராபாத்தில் காந்த நிலையக்காரர்களின் சர்வதேசப் பயிற்சி முகாம் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் நடப்பது. பேச்சு உண்டு, கட்டுரை வாசிப்பும் உண்டு; உயிர் இருப்பது அளவெடுக்கிற நாட்களில். அவரவர் நாட்டிலிருந்து தூக்கிவந்த கருவியை அதே தூண்களில் வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் அளக்க வேண்டும். எல்லோருடைய முடிவும் ஒரே பலகையில் வரும். என் பக்கத்துத் தூணில் நின்றவர் ஷூவில் இரும்பு வளையம் இருக்குமோ என்று வெறுங்காலோடு வந்தார். அவர் நாடும் அடுத்த தூணில் நின்றவரின் நாடும் அரசியலில் முகம் கொடுத்துப் பேசாதவை. இருவருக்கும் கோணத்தில் சின்ன வித்தியாசம் வந்தது. மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கருவிகளை மாற்றிக்கொண்டு மறுபடி அளந்தார்கள். குறை ஒரு கருவியின் உணரியில் இருந்தது. கண்டுபிடித்துக் கொடுத்தவர் மற்றவர்தான். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒருநாள் கேட்டான். மின்சாரம் போய், மாற்று மின்கலமும் கைவிட்டு, பதிவில் கொஞ்ச நேரம் விட்டுப்போயிருந்தது. "சார், முன்னாடி இருக்கறதையும் பின்னாடி இருக்கறதையும் வச்சு நடுவுல ஒரு கோடு இழுத்துரலாமே? பாக்கறவுகளுக்கு வித்தியாசமே தெரியாதே."

"தெரியாது. அதனாலதான் இழுக்கக் கூடாது" என்றேன். உலகம் முழுக்க நிலையங்கள் பயன்படுத்துகிற கோப்பு வடிவத்தில், அளவு இல்லாத நிமிஷத்துக்கு 99999 என்று போட வேண்டும். இந்த நிமிஷத்தில் எங்களிடம் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்கிற எண் அது. ஜப்பானில் ஒருத்தி இந்தக் கோப்பைத் திறந்து, நாம் இழுத்த கோட்டை உண்மை என்று நம்பி ஒரு முடிவுக்கு வருவாள். அவள் நம்மைப் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வரிசையாக 99999 அடித்தான். இப்போது அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

2024 மே 10 இரவு அவன்தான் போன் செய்தான். நான் ஓய்வு பெற்றிருந்தேன். பத்தரை மணி வாக்கில் பதிவு ஒரே தாவாகத் தாவியது, பிறகு மணிக்கணக்கில் கீழே கீழே போனது. இருபது வருஷத்தில் காணாத காந்தப் புயல்; சூரியனிலிருந்து சீறி வருகிற துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை உலுக்குவதைத்தான் அப்படிச் சொல்வோம். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. 1989 மார்ச்சில் இந்த மாதிரி ஒரு புயல்தான் கனடாவின் கியூபெக்கில் அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் செய்தது. இப்போது செயற்கைக்கோள்களும் ஜி.பி.எஸ்.ஸும் மின்கட்டமைப்பும் இன்னும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. புயலின் வலுவைச் சொல்கிற உலகக் குறியீட்டைக் கியோட்டோவில் கணக்கிடுகிறார்கள். ஜப்பான், தென்னாப்பிரிக்கா, ஹவாய், புவெர்ட்டோ ரிக்கோ ஆகிய நான்கு இடத்து அளவுகளிலிருந்து வருவது அது. நான்கில் ஒன்று கை விரித்தாலும் கணக்கு தள்ளாடும்.

எனக்கு இருக்கிற கவலையும் அதுதான். பழைய நிலையங்களை ஊர் நெருங்கி வருகிறது. மும்பையில் 1841 முதல் அளந்துகொண்டிருந்த கொலாபா நிலையம் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் அலிபாகுக்கு மாற வேண்டியிருந்தது. 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்தார்கள். அதனால்தான் கொலாபாவின் எண்களும் அலிபாகின் எண்களும் இன்றைக்கும் ஒரே தொடராக நிற்கின்றன. 1859 செப்டம்பரின் மாபெரும் புயலை இன்றைய புயலோடு ஒப்பிட முடிவதும் அந்தத் தொடரால்தான். இப்போது திருநெல்வேலியும் நாலா பக்கமும் பரவுகிறது. ரோட்டோரமெல்லாம் பிளாட் கல் நட்டுக்கொண்டே வருகிறார்கள். பிற நாடுகளிலும் இதே கதைதான். ஏழை நாடுகளில் கருவி இருந்தாலும் அளக்கிற ஆளுக்குச் சம்பளம் இல்லை.

அகாடமிகள் அடுத்த முறை கூடும்போது பெரிய சவால்களின் பட்டியலோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும். நீண்ட காலம் அளந்து வருகிற நிலையங்கள் எவை, அவற்றில் எவற்றுக்கு ஆள் இல்லை, எவற்றை இடம் மாற்ற வேண்டியிருக்கும், இரண்டு இடத்திலும் சேர்த்து அளக்கிற வருஷங்களுக்கு யார் பணம் கொடுப்பது என்று பேர் பேராகப் பேச வேண்டும். எத்தியோப்பியாவில் ஒரு இளைஞர் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்பினால் கிருஷ்ணாபுரத்துக்கு வந்து ஆறு மாதம் தங்கிக் கற்கலாம். நம் பையன் ஹுவான்காயோவுக்குப் போய் வரலாம். பயணச் செலவும் தங்குகிற செலவும் ஒரு செயற்கைக்கோளின் விலைக்கு முன்னால் தூசு. எங்கள் தம்பி போகத் தயாராக இருக்கிறான். ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்துவிட்டதாக முந்தாநாள் சொன்னான்.