திருச்சியிலிருந்து பலாலிக்கு நூறு கடல் மைல்

அம்மா பிறந்தது இலங்கையில், யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில். அப்பாவைக் கட்டிக்கொண்டு 1976இல் பக்கத்துப் பலாலி விமான நிலையத்தில் ஏர் சிலோன் விமானம் ஏறித் திருச்சியில் இறங்கியவர். அப்புறம் அந்த வழி அடைபட்டுப் போனது. ஊருக்குப் போவதென்றால் கொழும்பைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றாகிவிட்டது.

2018இல் பெரிய மாமா இறந்தபோது அப்படித்தான் போனோம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்தான். ஆனால் அங்கிருந்து வெள்ளவத்தையில் இரவு பஸ் பிடித்து, புத்தளம், அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று சுமார் 400 கிலோமீட்டர் மறுபடி வடக்கே ஏற வேண்டும். விடியற்காலையில் வீட்டு வாசலில் இறங்கும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் மாலையே எடுத்துவிட்டார்களாம். அம்மா உள்ளே போகவில்லை. பிரிக்காமல் மிச்சமிருந்த பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பி வந்த வாரமே நான் வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தேன். திருச்சி விமான நிலையத்துக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் கிட்டத்தட்ட 100 கடல் மைல். மதுரைக்கு சாலை வழி 135 கிலோமீட்டர். அதைவிடக் கொஞ்சம்தான் கூட! அந்தக் கோட்டில் பாதி நம் தஞ்சாவூர்ப் பக்கத்து நிலம், அதிராம்பட்டினம் பக்கம் கரை முடிகிறது. மீதிப் பாதிதான் கடல்.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. ஏர் சிலோனின் முதல் பயணமே 1947 டிசம்பர் 10இல், கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்கு. காங்கேசன்துறை என்று அப்போது சொன்னது இந்தப் பலாலியைத்தான். இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்து பத்து வருடம் கழித்து, 2019 அக்டோபரில்தான் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. முதலில் சென்னைக்கு மட்டும் விமானம். திருச்சியிலிருந்து இண்டிகோ நேராகப் பறக்கத் தொடங்கியது 2025 மார்ச் 30இல்.

ஜூலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பதைப் பார்த்து, 'இத்தனை கிட்ட இருக்கிற ஊருக்கு ஏன் இவ்வளவு நேரம்?' என்று தோன்றலாம். இரண்டு பக்கமும் விசிறி சுழலும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில், மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். இங்கே விமான நிலைய வாசலைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே வாசலில் நிற்பது வரை எல்லாம் அந்த நேரத்தில் அடக்கம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொட்டது வரை நான் பார்த்தபோது 38 நிமிடம்.

அம்மாவுக்கு ஜன்னல் சீட். கரை முடிந்து தண்ணீர் தொடங்கியதும் என் கையைப் பிடித்தவர், பனைமரங்கள் தெரியும்வரை விடவில்லை. "இவ்வளவு கிட்டவோ இருந்தது?" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

கடிகாரத்தைத் திருப்பி வைக்கக்கூட வேலையில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். வெளியே சித்தி குடையோடு நின்றார். "அக்கா, எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"இப்பத்தான்" என்றார் அம்மா.