மூவண்ணக் கடுவனும் ஒரு கூடுதல் எக்ஸும்

முதல் தடுப்பூசிக்கு எடுத்துச் சென்ற அன்று, குட்டியைச் சரியாகப் பார்க்கும் முன்பே மருத்துவர் அட்டையில் ‘பெட்டை’ என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் சேர்ந்த பூனை பெட்டைதான் என்று நானும் நினைத்திருந்தேன். வாலைத் தூக்கிப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். “இது கடுவன்” என்றார். பிறகு, “குரோமோசோம் பரிசோதனை செய்து பார்க்கலாமா?” என்று கேட்டார். செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். எனக்கும் தெரிந்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான், கூடவே கடுவனாக்கும் ஒய் ஒன்று. அதனால் கறுப்பு அல்லது ஆரஞ்சு, இரண்டில் ஒன்றுதான் வரும். பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. கரு சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதேனும் ஓர் எக்ஸை அடக்கிவிடுகிறது. அதிலிருந்து பெருகும் செல்களும் அதே எக்ஸை அடக்கியே வைக்கின்றன. மரபியல் அறிஞர் மேரி லயன் 1961-இல் எலிகளைக் கொண்டு இதை விளக்கினார். ஆரஞ்சுத் திட்டும் கறுப்புத் திட்டும் அப்படி வருபவை. வெள்ளைக்கு இதில் பங்கில்லை. அது வேறொரு மரபணுவின் வேலை. மூவண்ணப் பூனைகளில் சுமார் 3,000-க்கு ஒன்றுதான் கடுவன் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். நிற மரபணுக்களை அறிய அது போதும். ஆனால் குரோமோசோம்களை எண்ணுவதற்கு உயிருள்ள செல்கள் வேண்டும். இரத்தத்தின் வெள்ளை அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். குட்டி எடை கூடட்டும் என்று நான்கு மாதம் வரை காத்திருந்தோம்.

முதல் மாதிரி வீணாயிற்று. வெள்ளிக்கிழமை எடுத்த இரத்தம் வார இறுதி முழுவதும் வழியிலேயே கிடந்திருக்கிறது. ‘செல்கள் வளரவில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தச் சின்னக் கழுத்தில் மீண்டும் ஊசி போட வேண்டுமே என்று கலங்கிப் போனேன். இரண்டாம் முறை திங்கட்கிழமை காலையில் எடுத்து, உறையவிடாத மருந்து தடவிய குழாயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரேனும் இந்தப் பரிசோதனைக்குப் போனால், வாரத் தொடக்கத்தில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

முடிவோடு ஒரு படமும் வந்தது. வரிவரியாகக் கோடு விழுந்த சிறு குச்சிகளை இணை இணையாக அடுக்கியிருந்தார்கள். பூனைக்கு 38 இருக்க வேண்டும், இவனுக்கு 39. கடைசி வரிசையில் இரண்டு எக்ஸ், பக்கத்தில் குட்டையாக ஓர் ஒய். அந்த மூன்றையும் விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இரு கருக்கள் ஒன்றாகிப் பிறந்த பூனையாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எண்ணிய செல்கள் அனைத்திலும் 39 இருந்ததால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இப்படிப் பிறக்கும் கடுவன்கள் பெரும்பாலும் மலடு. ஆனாலும் கடுவன் குணம் வரும் என்பதால் விதைநீக்கம் செய்துவிட்டோம். நன்றாக இருக்கிறான்.

கூடுதல் எக்ஸ் தாயிடமிருந்து வந்ததா, தந்தையிடமிருந்தா? அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. தாய்ப் பூனை கறுப்பு. பாதங்கள் மட்டும் வெள்ளை. ஒளிந்திருக்கும் ஆரஞ்சு முடி ஒன்றாவது கிடைக்குமா என்று, வெயில் விழும் ஜன்னலோரம் அவளை மடியில் கிடத்தி, காது மடல் முதல் வால் நுனி வரை சீப்பால் பிரித்துப் பிரித்துத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. கூடப் பிறந்த கடுவன்கள் இரண்டும் கறுப்பு. அப்படியானால் அவளிடம் ஆரஞ்சு எக்ஸ் இல்லை. கறுப்பு எக்ஸைத்தான் கொடுத்திருக்கிறாள். ஒய் எப்போதும் தந்தை தருவது. ஆரஞ்சு எக்ஸும் அவனிடமிருந்தே வந்திருக்க வேண்டும். பிரிந்து வெவ்வேறு விந்தணுக்களுக்குப் போக வேண்டிய அந்த இரண்டும் பிரியாமல் ஒன்றிலேயே சேர்ந்து வந்திருக்கின்றன. நான் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தத் தகப்பன் ஓர் ஆரஞ்சுக் கடுவன்.