தெரிந்தே பெற்றுக்கொள்வது

அப்பாவின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே கையை வைத்தால், உள்ளே வண்டு ஒன்று அடைபட்டுக் கிடப்பதுபோல உர்ரென்று அதிரும். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்து இணைத்த ஃபிஸ்டுலா அது. காலையில் பல் தேய்த்ததும் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார். நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து, 2015இல், அவருக்கு 52 வயதில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. செவ்வாயும் வெள்ளியும், நான்கு நான்கு மணி நேரம். முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டை எப்போதோ விற்றிருப்போம்.

பண்ருட்டிப் பலாப்பழம் வந்து இறங்கும் மாதங்களில் எங்கள் தெரு முழுக்க வாசம் அடிக்கும். அப்பா ஒரு சுளைகூடத் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். இளநீரும் கூடாது. தண்ணீர்கூட அளவுதான். காலையில் ஒரு பாட்டிலில் அம்மா ஊற்றி வைப்பார், அன்றைக்கு முழுக்க அவ்வளவே.

2017இல் என் சிறுநீரகத்தை அவருக்குக் கொடுக்கலாம் என்று பரிசோதனைக்குப் போனேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் அவரால் முடியாது. எனக்கு அப்போது 26 வயது. ஸ்கேன் எடுத்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பேசவில்லை. இரண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கட்டிகள். பி.பி. 150க்கு 100. கொடுக்கப் போன நானும் அதே நோயாளி என்று தெரிந்து வெளியே வந்தபோது அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார்.

பாலிசிஸ்டிக் கிட்னி என்பது நோயின் பெயர். நீர்க்கட்டி என்று சொன்னால் நம் ஊரில் எல்லாருக்கும் சினைப்பைதான் நினைவுக்கு வருகிறது. "கழற்சிக்காயை மிளகோட அரைச்சுத் தின்னு, மூணு மாசத்துல கரைஞ்சிடும்" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! இது வேறு. இது கரையாது. வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, நல்ல பாகத்தை நெருக்கிக் கெடுக்கும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ தொடவே கூடாது. "சொந்தத்துல கட்டினாங்களா?" என்பது அடுத்த கேள்வி. அம்மாவும் அப்பாவும் உறவே இல்லை. இந்த நோய் வர அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடம் இருந்தால் போதும்.

அடுத்த வருஷம் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா விட்டுட்டா போவேன்?" என்றார் மாப்பிள்ளையாக வந்தவர். என் மாமியாருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு வருஷம் கழித்து, "சஷ்டி இரும்மா, சஷ்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். என் தயக்கம் வேறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்பாவைப் பெற்ற பாட்டி முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கிச் செத்துப்போனாள். செய்வினை என்றார்கள். அப்பாவுக்கு என்னைப் பெறும்போது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தெரிந்துகொண்டே பெற்றால், ஒருநாள் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து "தெரிஞ்சேதானே பெத்தே?" என்று கேட்கும். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறதா? மூன்று வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்தது இந்தக் கேள்விதான்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இதைக் கேட்கப் போனேன். டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "உங்களுக்கே இப்படி. எதுக்கு இன்னொண்ணு?" என்றார். அவ்வளவுதான், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடலூர் பஸ்ஸில் ஏறி, கன்னியக்கோவில் தாண்டும் வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் சொன்ன முடிவு தவறு என்று இப்போதும் சொல்லமாட்டேன். அந்த முடிவை எடுக்க வேண்டியவள் நான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் வலித்தது.

என் சிறுநீரக மருத்துவர்தான், மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வரும் மரபியல் மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். 2021இல் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த அம்மா முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பாட்டி, அப்பா, அத்தை, சித்தப்பா, நாங்கள் என்று மூன்று தலைமுறை. நோய் இருந்தவர்களை நிரப்பிக் கறுப்பாக்கினார். சித்தப்பா எதனால் இறந்தார் என்று கேட்டார். "தலையில நரம்பு வெடிச்சு, 41 வயசுல" என்றார் அப்பா. அது தனிக் கதை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். இல்லையாம். இந்த நோய் இருப்பவர்களில் சிலருக்கு மூளை ரத்தக்குழாய் பலூன் போல உப்பும், வீட்டில் ஒருவருக்கு அப்படி வெடித்திருந்தால் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சித்தப்பாவின் சதுரமும் கறுப்பானது. எனக்கு மூளை ரத்தக்குழாயைப் பார்க்கும் எம்.ஆர். ஆஞ்சியோ ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது சிறுநீரக நீர்க்கட்டியும் மூளை ரத்தக்கசிவும் சேர்ந்து இருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பாதிக்குப் பாதி என்றால் இரண்டு பிள்ளையில் ஒன்றுக்கு வரும், ஒன்றுக்கு வராது என்று நான் நினைத்திருந்தேன். பூவா தலையா மாதிரிதான், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுண்டுவது, போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்காது என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, உங்ககிட்ட அந்த மரபணு ரெண்டு நகல் இருந்துச்சு, ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. எதைக் கொடுக்கறதுன்னு நீங்க தேர்ந்தெடுக்கலை" என்றார். நான் கொடுக்கப் போய்த் திரும்பிய அந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் நோயைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்றைக்கு அந்த அறையில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரும் வழியில் அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றபோது, "நான்தான் உனக்கு விஷத்தைக் கொடுத்துட்டேன்னு நெனச்சிருந்தேன் பாப்பா" என்றார்.

மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்து ஏழு வாரம் காத்திருந்தோம். 16ஆம் குரோமோசோமில் உள்ள பி.கே.டி.1 மரபணுவில்தான் பழுது. அதே போல ஆறு போலி நகல்கள் பக்கத்திலேயே இருப்பதால் அதைப் படிப்பது கடினமாம். பழுது இன்னதென்று தெரிந்த பிறகுதான் அடுத்த வழி: சோதனைக் குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, ஐந்தாம் நாள் சில செல்களை எடுத்துச் சோதித்து, பழுது இல்லாததை மட்டும் கருப்பையில் வைப்பது. ஸ்கேன் சென்டர்களில் எல்லாம் பாலினம் சொல்வதில்லை என்று போர்டு மாட்டவைத்த அதே 1994ஆம் வருஷச் சட்டம், மரபு நோயைக் கண்டறிய இதை அனுமதிக்கிறது. எங்களிடம் ஒரு சுற்றுக்கே நாலு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள், கரு தங்கும் என்ற உறுதியும் இல்லை.

பணம் ஒரு காரணம். என் ஈரலிலும் நீர்க்கட்டிகள் இருந்தன, இந்தச் சிகிச்சையில் ஏறும் பெண் ஹார்மோன் அவற்றை வளர்க்கலாம் என்பது இன்னொரு காரணம். மூன்றாவதை வெளியே சொல்ல எனக்கு நாளானது. அந்த முறை அப்போதே இருந்து, அப்பாவும் அம்மாவும் போயிருந்தால், ஒதுக்கி வைக்கப்பட்ட கருவில் ஒன்று நான். இதைச் சொன்னதும் என் கணவர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஆனால் அந்த வழியில் போகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். பிள்ளைக்கு ஊசியும் டயாலிசிஸும் வேண்டாம் என்று நினைப்பது அன்புதான். என் அத்தை மகளுக்கும் இதே நோய். "இது என்னோட முடியட்டும்" என்று பிள்ளையே வேண்டாம் என்று இருக்கிறாள். அவளும் யோசித்துத்தான் எடுத்தாள். அவளிடம் போய் விரதம் இருக்கச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்குப் பதில் வேறு பக்கத்திலிருந்து கிடைத்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு சாயங்காலம் இவரிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு நோய் தெரிந்தது 50 வயதில், சிறுநீரகம் முக்கால்வாசி போன பிறகு. அதுவரை அவர் ஒருநாள்கூட பி.பி. பார்த்ததில்லை. எனக்கு 26இல் தெரிந்தது. அன்றிலிருந்து மாத்திரை, உப்பைக் குறைத்த சாப்பாடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சோதனை வருஷா வருஷம். இன்னும் 0.8தான், நல்ல அளவு. என் பிள்ளைக்கு இருந்தால், பிறந்த நாளிலிருந்தே கவனிக்க ஒருத்தி இருப்பாள். தெரிந்திருப்பதுதான் பாவம் என்று மூன்று வருஷம் மருகினேனே, அப்பாவுக்குக் கிடைக்காமல் போனதே அந்தத் தெரிதல்தான். "தெரிஞ்சேதான் பெத்தேன், தெரிஞ்சதாலதான் உன்னை இப்படிப் பார்த்துக்க முடிஞ்சது" என்று என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். அது போதாது என்று அது சொல்லலாம். அந்த உரிமை அதற்கு உண்டு.

கருத்தரிக்கும் முன்பே பி.பி. மாத்திரையை மாற்ற வேண்டும். நான் போட்டுக்கொண்டிருந்த டெல்மிசார்ட்டான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அதை நிறுத்தி லேபிடலால் கொடுத்தார்கள். 12ஆவது வாரத்திலிருந்து சின்ன அளவு ஆஸ்பிரின். வீட்டிலேயே காலையும் மாலையும் பி.பி. பார்த்து நோட்டில் எழுதினேன். 34ஆவது வாரத்தில் ஏறியது, 37இல் ஆபரேஷன். 2023இல் மகள் பிறந்தாள்.

கருவில் இருக்கும்போது நாங்கள் சோதிக்கவில்லை. பிறந்ததும் எடுத்த ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, ஆனால் இந்த வயதில் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் குழந்தை மருத்துவர். வளர்ந்ததும் வருஷம் ஒருமுறை பி.பி. பார்ப்போம். மரபணுச் சோதனை வேண்டுமா என்பதை அவளே 18 வயதுக்குப் பிறகு முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். பேர் வைக்கும் அன்று ஒரு சொந்தக்காரர் எல்லார் முன்னாலும் "இவளுக்கு இருக்குதா?" என்று கேட்டார். மாமியார்தான் பதில் சொன்னார்: "இருந்தா இருக்குது. நாங்க இருக்கோம்."

அவளுக்கு என் அப்பாவின் கை அதிர்வது ரொம்பப் பிடிக்கும். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "உர்ர்" என்று அவளும் சொல்வாள். டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அப்பா அந்தக் கையைப் பின்னால் மறைத்து வலது கையை நீட்டுவார். அவள் அதைத் தள்ளிவிட்டு இடது கையைத் தேடுவாள்.